இடிபாட்டிலிருந்து ஓர் எண்

டொர்னேடோ கடந்துபோன மறுநாள், வீடு இருந்த இடத்தில் சில சமயம் காங்கிரீட் தளம் மட்டும் மிஞ்சியிருக்கும். சுவரும் கூரையும் போயிருக்கும். குளியலறைக் குழாய்கள் தரையிலிருந்து துருத்திக்கொண்டு நிற்கும். அமெரிக்க தேசிய வானிலைச் சேவையின் ஆட்கள் வந்து, அந்தத் தளத்தின் ஓரமாகக் குனிந்து, வரிசையாக நிற்கும் இரும்பு போல்ட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். முந்தைய நாள் வீசிய காற்றின் வலிமை என்ன என்ற கேள்விக்கான விடையில் பெரும்பகுதி அந்த போல்ட்டுகளில்தான் இருக்கிறது.

அந்த நாட்டு வீடுகள் பெரும்பாலும் மரச்சட்டங்களால் ஆனவை. காங்கிரீட் தளத்தின் விளிம்பில் ஒரு மரக்கட்டையைப் படுக்கவைத்து, அதன்மேல் சுவருக்கான நிலைச்சட்டங்களை நிறுத்துகிறார்கள். தளத்தில் பதித்த போல்ட் அந்தக் கட்டையைத் துளைத்துக்கொண்டு மேலே வரவேண்டும். அதில் வாஷர் போட்டு நட்டை முடுக்கவேண்டும். எல்லாம் போன பிறகும் நட்டும் வாஷரும் அப்படியே இருந்து, வாஷருக்கு அடியில் மரச்சிம்பு சிக்கியிருந்தால், கட்டையைக் கிழித்துத்தான் காற்று வீட்டைப் பெயர்த்திருக்கிறது என்று பொருள். அது பயங்கரமான காற்று. போல்ட்டின் மரை சுத்தமாக இருந்து, நட்டு ஏறிய தடமே இல்லையென்றால், கட்டியவர்கள் நட்டைப் போடவே இல்லை. வீடு இத்தனை ஆண்டும் தளத்தின்மேல் சும்மா உட்கார்ந்திருக்கிறது. அதைத் தூக்க அவ்வளவு காற்று தேவையில்லை. இன்னொரு வீட்டில் படுக்கைக்கட்டை அசையாமல் இருக்கும், நிலைச்சட்டங்கள் மட்டும் ஆணியோடு பிடுங்கிக்கொண்டு போயிருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் மூன்றும் ஒன்றுதான், மூன்று வீடும் துடைத்துப்போட்டதுபோல் காணாமல் போயிருக்கின்றன. ஆனால் அவற்றுக்குக் கிடைக்கும் எண் வெவ்வேறு.

பூஜ்யத்திலிருந்து ஐந்துவரை போகும் அந்த எண்ணைத்தான் மறுநாள் செய்தித்தாள்கள் காற்றின் வலிமை என்று அச்சிடுகின்றன. வங்கக்கடலில் உருவாகும் புயலுக்குக் கரையைத் தொடும் முன்பே வேகமும் தரமும் அறிவித்துவிடுவதைக் கேட்டுப் பழகியவர்கள் நாம். டொர்னேடோவின் தரம் எப்போதும் அது போன பிறகுதான் வருகிறது. காற்றைப் பார்த்து எழுதிய எண் இல்லை அது. காற்று எதை எப்படி உடைத்தது என்று பார்த்துப் பின்னோக்கிக் கணித்தது. இந்த முறையின் மகத்துவமும் அதன் பெரிய குறையும் ஒரே இடத்தில் இருப்பதாகவே நான் நினைக்கிறேன்.

நேரடியாக அளந்துவிடலாமே என்று தோன்றும். முயன்றிருக்கிறார்கள். டொர்னேடோவின் அகலம் பெரும்பாலும் சில நூறு மீட்டர்தான், ஆயுளும் சில நிமிடங்கள்தான். காற்றுமானி இருக்கும் இடத்தை அது தற்செயலாகக் கடந்தால்தான் உண்டு. கடந்தால் கருவி பிழைப்பது அரிது. 1980களின் தொடக்கத்தில் டோட்டோ என்று பெயரிட்ட ஒரு கனமான பீப்பாய்க் கருவியை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஓக்லஹோமா ஆய்வாளர்கள் ஆண்டுக்கணக்கில் துரத்தினார்கள். சரியான பாதையில் இறக்கிவைப்பது கடைசிவரை கைகூடவில்லை. 2003 ஜூன் 24 அன்று தெற்கு டகோடாவின் மான்செஸ்டர் என்ற குக்கிராமத்துக்கு அருகே டிம் சமாரஸ் என்ற பொறியாளர், தரையோடு தரையாகப் படிந்திருக்கும் தன் கூம்புக் கருவியை டொர்னேடோவின் பாதையில் வைத்துவிட்டுத் தப்பினார். கருவியின் தலைக்குமேல் சுழல் கடந்தபோது காற்றழுத்தம் 100 மில்லிபார் சரிந்தது பதிவானது. அதுவரை யாரிடமும் இல்லாத அளவீடு. ஆண்டுக்கு ஆயிரத்துக்கு மேல் டொர்னேடோக்கள் வரும் நாட்டில் இப்படிப்பட்ட பதிவுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். மற்றவற்றுக்கெல்லாம் சாட்சி இடிபாடுதான்.

அந்தச் சாட்சியை வாசிக்கக் கற்றுக்கொடுத்தவர் டெட்சுயா ஃபுஜிட்டா. 1920இல் ஜப்பானின் கியூஷூ தீவில், இன்று கிட்டாக்கியூஷூ என்று அழைக்கப்படும் நகரின் பகுதியில் பிறந்தவர். 1945 ஆகஸ்ட் 9 அன்று அவருக்கு 24 வயது. கொக்குராவுக்குப் பக்கத்தில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரியில் ஆசிரியர். அன்று காலை அணுகுண்டைச் சுமந்துவந்த விமானத்தின் முதல் இலக்கு கொக்குரா. மேகமும் புகையும் மறைத்ததால் விமானம் மூன்று முறை சுற்றிப் பார்த்துவிட்டு நாகசாகிக்குத் திரும்பியது. கொக்குராவும் அதைச் சுற்றியிருந்தவர்களும் பிழைத்தது வானிலையால். பிற்காலத்தில் அவர் எழுதிய எல்லாவற்றுக்கும் பின்னால் இந்தத் தகவல் நிற்கிறது. இதை ஒரு விந்தைச் செய்தியாகச் சொல்லிவிட்டு நகர எனக்கு மனம் வரவில்லை.

சில வாரங்களில் ஃபுஜிட்டா நாகசாகிக்கும் ஹிரோஷிமாவுக்கும் போனார். அங்கே கல்லறைகளின் முன்னால் மலர் வைப்பதற்கென மூங்கில் குழாய்கள் உண்டு. குண்டின் வெப்பம் அவற்றைக் கருக்கியிருந்தது. ஆனால் எல்லாப் பக்கமும் ஒரேமாதிரி கருகவில்லை. கருகல் எந்தக் கோணத்தில் விழுந்திருக்கிறது என்று பார்த்து, பல இடங்களின் கோணங்களை இணைத்து, குண்டு தரைக்கு மேலே எவ்வளவு உயரத்தில் வெடித்தது என்று கணக்கிட்டார். வெடிப்புக்கு நேர் கீழே மரங்கள் நின்றவாக்கில் கருகியிருந்தன. விலகிப்போகப் போக வெளிநோக்கி, ஒரு நட்சத்திரத்தின் கதிர்கள்போல் சாய்ந்து கிடந்தன. நேர் கீழே இறங்கி, தரையில் மோதி, நாலாபக்கமும் பாயும் விசையின் படம் அது. அந்தப் படம் அவர் கண்ணில் தங்கிவிட்டது.

பிணங்களுக்கு நடுவே ஓர் இளைஞன் கோணமானியோடு நடந்ததை எண்ணிப்பார்க்கக் கடினமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த மூங்கில் குழாயை அவ்வளவு கவனமாகப் பார்க்க ஒருவர் வேண்டியிருந்தது. நடந்தது என்ன என்பதைச் சரியாகச் சொல்வது இறந்தவர்களுக்குச் செய்யும் கடன்களில் ஒன்று என்று நான் நம்புகிறேன்.

போருக்குப் பிறகு கியூஷூவில் ஒரு மலை உச்சி வானிலை நிலையத்தில் இருந்தபடி இடிமழையொன்றை அளந்த அவர், மேகத்துக்குள்ளிருந்து காற்று கீழ்நோக்கி இறங்குவதைக் கண்டறிந்தார். அங்கிருந்த அமெரிக்க ரேடார் நிலையத்தின் குப்பையில் கிடந்த ஒரு ஆய்வுக்கட்டுரை அவர் கைக்கு வந்தது. எழுதியவர் சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஹொரேஸ் பையர்ஸ். இருவரும் ஒரே விஷயத்தைத் தனித்தனியாகத் தேடிக்கொண்டிருந்தார்கள். ஃபுஜிட்டா தன் கட்டுரையை அவருக்கு அனுப்பினார்; அழைப்பு வந்தது; 1953இல் சிகாகோவுக்குப் போனார். 1998 நவம்பரில் இறக்கும்வரை சிகாகோதான் அவர் ஊர்.

1957 ஜூன் 20 அன்று வடக்கு டகோடாவின் ஃபார்கோ நகரத்தை டொர்னேடோ தாக்கியது. மாலை வெளிச்சம் இருந்ததால் நகரத்தில் பலர் அதைப் படம் பிடித்திருந்தார்கள். ஃபுஜிட்டா அங்கே போனார். உள்ளூர்த் தொலைக்காட்சியின் வானிலை அறிவிப்பாளர் மூலம் மக்களிடமிருந்து 150 அளவில் புகைப்படங்களைச் சேகரித்தார். ஒவ்வொரு படமும் எந்தத் தெருவில், எந்த இடத்தில் நின்று எடுத்தது என்று தேடிப்போய் உறுதிசெய்தார். தந்திக்கம்பமும் கூரை முகடும் படத்தில் எங்கே விழுகின்றன என்று பார்த்துத் தூரங்களைக் கணக்கிட்டு, படங்களை நிமிட வரிசையில் அடுக்கினார். மேகத்தின் அடியில் சுழன்று தொங்கும் பகுதிக்குச் சுவர்மேகம் என்று பெயர் வைத்தது அந்த ஆய்வில்தான். குடும்பப் படப்பெட்டிகளில் கிடந்திருக்கக்கூடிய அந்தக் கறுப்புவெள்ளைப் படங்களிலிருந்து, டொர்னேடோ பிறந்து வளர்ந்து அழிந்த கதை முழுமையாக எழுந்துவந்தது. அறிவியலில் நான் மிகவும் மதிக்கும் உழைப்பு இவ்வகையைச் சேர்ந்தது. அதற்கு விலையுயர்ந்த கருவி தேவைப்படவில்லை, வீடு வீடாகப் போய் விசாரிக்கும் பொறுமை தேவைப்பட்டது.

பிறகு அவர் விமானத்திலிருந்து நிலத்தைப் பார்க்கத் தொடங்கினார். சோளக்காடுகளில் டொர்னேடோ போன தடத்தில் வளையம் வளையமாகக் கோடுகள் தெரிந்தன. ஏதோ கனமான பொருளைக் காற்று இழுத்துக்கொண்டு போன கீறல்கள் என்று அதுவரை நினைத்திருந்தார்கள். இறங்கிப் பார்த்தால் அவை கீறல்கள் இல்லை. அறுத்த தட்டைகளும் சருகும் வரிசையாகக் குவிந்த மெல்லிய மேடுகள். பெரிய சுழலுக்குள் சின்னச் சின்னச் சுழல்கள் சுற்றுகின்றன என்று அவர் முடிவுக்கு வந்தார். ஒரு வீடு மண்ணோடு போயிருக்க அடுத்த வீட்டுச் சன்னல் கண்ணாடிகூட உடையாமல் இருப்பது ஏன் என்ற பழைய புதிருக்கு அது விடையானது. அதுவரை இருந்த விளக்கம் விதி.

1971இல் அவர் தன் அளவுகோலை வெளியிட்டார். அதன் அமைப்பில் ஒரு கணித அழகு உண்டு. கடலோடிகளின் பியூஃபோர்ட் அளவுகோலின் உச்சப் படியான பன்னிரண்டை எஃப்1 என்று வைத்து, ஒலியின் வேகத்தை எஃப்12 என்று வைத்து, இடையில் சீரான வளைவு ஒன்றை வரைந்தார். டொர்னேடோக்கள் எஃப்5ஐத் தாண்டாது என்று எதிர்பார்த்தார். எஃப்0 என்றால் புகைக்கூண்டு உடையும், கிளைகள் முறியும். எஃப்2 என்றால் கூரை பறக்கும். எஃப்5 என்றால் உறுதியான வீடு அடித்தளத்திலிருந்து தூக்கி வீசப்படும். எஃப்5க்கு அவர் கொடுத்த வேகம் மணிக்கு 419 முதல் 512 கிலோமீட்டர். தேசியக் கடும்புயல் முன்னறிவிப்பு மையத்தின் இயக்குநர் ஆலன் பியர்சன், பாதையின் நீளத்துக்கும் அகலத்துக்கும் படிகள் சேர்த்தார்.

அளவுகோல் உடனே பழக்கத்துக்கு வந்ததற்கு ஒரு நிறுவனத் தேவையும் காரணம். அணுமின் நிலையங்களை எவ்வளவு காற்றைத் தாங்கும்படி கட்டவேண்டும் என்று அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையத்துக்குத் தெரியவேண்டியிருந்தது. அதற்காக 1950 முதலான டொர்னேடோக்கள் அனைத்துக்கும் பின்னோக்கித் தரம் கொடுக்கும் வேலை நடந்தது. கல்லூரி மாணவர்கள் பழைய செய்தித்தாள்களைப் புரட்டி, செய்தியாளரின் வருணனையையும் மங்கலான படத்தையும் வைத்து எண் போட்டார்கள். நாகசாகியில் கண்ணைப் பழக்கிய மனிதரின் அளவுகோல் அணு உலைச் சுவரின் கனத்தைத் தீர்மானிக்கப் போனது என்பதைப் படித்தபோது சற்று நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

1974 ஏப்ரல் 3, 4 தேதிகளில் 13 மாநிலங்களில் 148 டொர்னேடோக்கள் தாக்கின. முந்நூறுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்தச் சேதத்தை வானிலிருந்து வரைபடமாக்கிய பயணத்தில், மேற்கு வர்ஜீனியாவின் பெக்லி அருகே ஒரு காட்டில் மரங்கள் நட்சத்திர வடிவில் சாய்ந்து கிடப்பதை ஃபுஜிட்டா கண்டார். டொர்னேடோ சாய்த்தால் மரங்கள் சுழல் அமைப்பில் கிடக்கும். இது நாகசாகியில் பார்த்த படம். மேகத்திலிருந்து நேர் கீழே பாய்ந்து தரையில் மோதிச் சிதறும் காற்று என்ற கருத்து அங்கே உறுதிப்பட்டது. அடுத்த ஆண்டு ஜூன் 24இல் நியூயார்க் கென்னடி விமான நிலையத்தில் தரையிறங்கும்போது ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் 66ஆம் விமானம் நொறுங்கி 113 பேர் இறந்தபோது, காரணம் இந்தக் கீழ்ப்பாய்ச்சல்தான் என்று அவர் நிறுவினார். பலர் ஏற்கவில்லை. களஆய்வுகள் நடத்தி ரேடாரில் காட்டினார். பின்னாளில் விமான நிலையங்களில் இதற்கென்றே ரேடார்கள் வந்தன. விமானிகளுக்குப் பயிற்சி வந்தது. அவ்வகை விபத்துகள் அரிதாகிவிட்டன. சாய்ந்த மரங்களைப் பொறுமையாகப் பார்த்ததன் பயனாக எத்தனை விமானங்கள் பத்திரமாகத் தரையிறங்கியிருக்கின்றன என்பதற்குக் கணக்கு இல்லை.

இத்தனை டொர்னேடோக்களின் தடத்தில் நடந்த அவர், ஒரு டொர்னேடோவை முதன்முதலாக நேரில் பார்த்தது 1982 ஜூன் 12 அன்றுதான். அப்போது வயது 61.

அளவுகோலுக்கு வந்த எதிர்ப்பு பொறியாளர்களிடமிருந்து. 1970 மே 11இல் டெக்சாசின் லபக் நகரத்தை டொர்னேடோ தாக்கிய பிறகு, அங்குள்ள டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகத்தில் கிஷோர் மேத்தா, ஜேம்ஸ் மெக்டொனால்ட் முதலானவர்கள் இடிந்த கட்டடங்களை ஒவ்வோர் இணைப்பாக ஆராயத் தொடங்கினார்கள். கூரையைச் சுவரோடு பிடித்திருப்பது எத்தனை ஆணி, அந்த ஆணி எவ்வளவு இழுவையில் பிடுங்கும் என்பது அவர்கள் வழி. சாதாரண மரவீட்டைத் துடைத்தெடுக்க 419 கிலோமீட்டர் வேகமெல்லாம் வேண்டியதில்லை, அதைவிட மிகக் குறைவே போதும் என்று தெரிந்தது. ஃபுஜிட்டாவின் மேல்படிகளின் வேகங்கள் சோதித்தறிந்தவை அல்ல, நல்ல ஊகங்கள். 1997 மே 27இல் டெக்சாசின் ஜாரல் ஊரில் ஒரு குடியிருப்பு முழுவதும் அழிந்து 27 பேர் இறந்தார்கள். சாலையின் தார்கூட உரிந்திருந்தது, எஃப்5 என்றார்கள். ஆனால் அந்த டொர்னேடோ மிக மெதுவாக நகர்ந்தது. அந்த அழிவில் காற்றின் வேகத்துக்கு எவ்வளவு பங்கு, அது நின்று அரைத்த நேரத்துக்கு எவ்வளவு பங்கு என்று இடிபாட்டிலிருந்து பிரித்தெடுப்பது கடினம். 2002இல் மேரிலாந்தின் லா ப்ளாட்டா நகரத்துக்கு முதலில் எஃப்5 கொடுத்து, வீடுகள் அடித்தளத்தோடு சரியாகப் பிணைக்கப்படவில்லை என்று கண்டு எஃப்4 ஆக இறக்கினார்கள்.

2007 பிப்ரவரி 1 முதல் திருத்திய அளவுகோல் நடைமுறைக்கு வந்தது. ஃபுஜிட்டாவின் பெயரை விடாமல் இஎஃப் என்று அழைக்கிறார்கள். சேதம் காட்டும் பொருள்கள் 28 என்று வகுத்திருக்கிறார்கள்: சின்னக் களஞ்சியம், வீடு, நகரும் வீடு, பள்ளி, கடைத்தொகுதி, மின்கம்பம், வன்மரம், மென்மரம். ஒவ்வொன்றுக்கும் சேதப் படிகள் உண்டு. ஒவ்வொரு படிக்கும் எதிர்பார்க்கும் வேகம், கீழ் எல்லை, மேல் எல்லை. வீட்டுக்குப் பத்துப் படிகள். பத்தாவது, தளம் துடைத்துப்போவது. அதற்கு எதிர்பார்க்கும் வேகம் மணிக்கு 200 மைல், அதாவது 322 கிலோமீட்டர். இஎஃப்5 தொடங்குவதே அந்த எல்லையைத் தாண்டித்தான். ஆகவே வழக்கமான தரத்தில் கட்டிய வீடு முற்றாகப் போனாலும் இஎஃப்4தான் கிடைக்கும். ஐந்து வேண்டுமென்றால் வழக்கத்தைவிட உறுதியாகக் கட்டியது ஏதாவது உடைந்திருக்கவேண்டும். கன்சாசின் கிரீன்ஸ்பர்க் ஊர் 2007 மே 4இல் ஏறக்குறைய முழுவதும் அழிந்தபோது முதல் இஎஃப்5 பதிவானது. 2011 மே 22இல் மிசௌரியின் ஜாப்லின் நகரத்தில் 158 பேரைக் கொன்றதும் இஎஃப்5. 2021 டிசம்பர் 10 இரவில் கென்டக்கியின் மேஃபீல்டைச் சிதைத்ததற்குக் கொடுத்த உச்சவேகம் மணிக்கு 190 மைல். இஎஃப்4.

அந்தப் பத்து மைல் குறைவைப் பற்றி எவ்வளவு வாக்குவாதம்! ஊரே போன பிறகு ஐந்து என்ற எண்ணும் மறுக்கப்பட்டால் தங்கள் இழப்பைக் குறைத்து மதிப்பிட்டதாக மக்கள் வருந்துவது இயல்பு. அந்த வருத்தத்தை அலட்சியப்படுத்தக் கூடாது. அந்த எண் துயரத்தின் தரவரிசையாக எங்கும் வடிவமைக்கப்படவில்லை. ஆனால் செய்தியில் அது அப்படித்தான் ஒலிக்கிறது, அதை உருவாக்கியவர்கள் இதைப் பற்றி இன்னும் அதிகம் பேசியிருக்கவேண்டும்.

சிக்கலின் மறுமுனை எல் ரீனோ. 2013 மே 31 மாலை ஓக்லஹோமாவின் அந்த ஊருக்குத் தெற்கே வயல்வெளியில் இறங்கிய டொர்னேடோ 4.2 கிலோமீட்டர் அகலம்வரை விரிந்தது. பதிவானவற்றில் மிக அகலமானது. வண்டியில் பொருத்திய டாப்ளர் ரேடார் ஒன்று அதனுள் மணிக்கு 470 கிலோமீட்டரைத் தாண்டிய வேகத்தை அளந்தது. மான்செஸ்டரில் கருவி வைத்த டிம் சமாரஸ் தன் மகன் பாலோடும் நண்பர் கார்ல் யங்கோடும் அன்று அங்கே இறந்தார். ரேடார் அளவீட்டை ஏற்று இஎஃப்5 என்று அறிவித்தார்கள். ஆகஸ்டில் அதை இஎஃப்3 ஆக இறக்கினார்கள். கோதுமை வயலில் உடைய அதிகம் ஒன்றும் இருக்கவில்லை. கிடைத்த சேதம் மூன்றுக்கு மேல் காட்டவில்லை.

அந்த முடிவின் தர்க்கம் எனக்குப் புரிகிறது. பெரும்பாலான டொர்னேடோக்களுக்கு அருகில் ரேடார் வண்டி இருக்காது. ரேடார் பார்ப்பது தரைக்கு மேலே சில பத்து மீட்டர் உயரத்தில் கணநேர வேகம். அளவுகோல் பேசுவது தரையருகே மூன்று விநாடி வீச்சை. இரண்டையும் கலந்தால் 1950 முதலான பதிவேடு ஒப்பிட முடியாததாகிவிடும். அத்தனையும் சரி. ஆனாலும் அளந்த வேகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பதிவேட்டில் அதைவிட இரண்டு படி கீழே எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை. ரேடார் அளந்த டொர்னேடோக்களைத் தொகுத்து ஜோஷுவா வர்மன் குழு 2021இல் வெளியிட்ட ஆய்வு, சேதத்தை வைத்துத் தரும் தரம் உண்மையான வேகத்தைவிட ஒன்று முதல் ஒன்றரைப் படிவரை குறைவாக இருக்கிறது என்றது. அப்படியானால் நாம் வலிமை குறைந்தவை என்று எழுதிவைத்திருப்பவற்றில் பல, வீடுகள் இல்லாத இடத்தில் வீசியவை, அவ்வளவுதான். இரண்டு பத்திகள் போடலாம்: ஒன்றில் சேதம் சொன்னது, மற்றொன்றில் கருவி சொன்னது. இரண்டில் ஒன்றை அழிக்க யாருக்கும் தேவையில்லை.

வெற்று வயலின் கதை இப்படியென்றால், ஏழை ஊரின் கதை என்ன?

1989 ஏப்ரல் 26 மாலை வங்கதேசத்தின் மாணிக்கஞ்ச் மாவட்டத்தில் தௌலத்பூர், சாட்டூரியா பகுதிகளை ஒரு டொர்னேடோ கடந்தது. ஏறக்குறைய 1,300 பேர் இறந்தார்கள். உலகில் இதுவரை மிக அதிக உயிர்களைப் பறித்த டொர்னேடோ அது என்று உலக வானிலை அமைப்பே பதிந்திருக்கிறது. அதற்கு அதிகாரபூர்வமான தரம் கிடையாது. மண்சுவர், மூங்கில் தட்டி, தகரக் கூரை. அந்த வீடு இஎஃப்1இலும் போகும், இஎஃப்5இலும் போகும். இரண்டு சமயத்திலும் மிஞ்சுவது ஒன்றே. போல்ட் இல்லாத இடத்தில் போல்ட்டைப் பார்க்க முடியாது. பறக்கும் தகரம் ஆளை அறுக்கும். அதைப் பதிய அளவுகோலில் கட்டம் இல்லை. அதே வங்கத்தில் 1888 ஏப்ரல் 7 அன்று டாக்கா நகரத்தைத் தாக்கிய டொர்னேடோவைப் பற்றி இன்று நமக்குத் தெளிவாகத் தெரிவது எது? நவாபின் அஹ்சான் மன்சில் மாளிகை கடுமையாகச் சேதமடைந்து மறுபடி கட்டப்பட்டது. செங்கல்லில் கட்டியவரின் இழப்பு ஆவணமாகிறது.

சேதத்தை வாசிக்கும் முறையை விட்டுவிடவேண்டும் என்று இதற்காக நான் சொல்லமாட்டேன். ரேடார் வேகத்தைச் சொல்லும்; வீடு ஏன் விழுந்தது என்று சொல்லாது. கார் நிறுத்தும் அறையின் அகலக்கதவு முதலில் உடைகிறது, காற்று உள்ளே புகுந்து கூரையை மேலே தள்ளுகிறது, கூரை போனதும் தாங்கலில்லாத சுவர்கள் சாய்கின்றன: இந்த வரிசையைத் தளத்தருகே குனிந்தவர்கள்தான் கண்டுபிடித்தார்கள். கூரைச் சட்டத்தைச் சுவரோடு கட்டும் இரும்புப் பட்டை மலிவான பொருள்தான். பெரும்பாலான டொர்னேடோக்கள் கீழ்ப்படிகளில் இருப்பவை; அவற்றில் அந்தப் பட்டை ஒரு குடும்பத்தைக் காப்பாற்றும். காற்றின் வேகத்தை மட்டும் அறிந்து என்ன செய்வது? அதைக் குறைக்க நம்மால் ஆகாது. வீட்டைப் பற்றித்தான் ஏதாவது செய்ய முடியும்.

2013க்குப் பிறகு பன்னிரண்டு ஆண்டுகள் அமெரிக்காவில் ஒரு இஎஃப்5கூடப் பதிவாகவில்லை. பிறகு 2025 ஜூன் 20 இரவு, ஃபார்கோவுக்குத் தென்மேற்கே எண்டர்லின் என்ற சிற்றூரருகே வந்த டொர்னேடோவில் மூன்று பேர் இறந்தார்கள். ஃபுஜிட்டா படங்களைத் தேடி அலைந்த அந்த டொர்னேடோவும் ஜூன் 20தான், 68 ஆண்டுகளுக்கு முன். எண்டர்லினுக்கு முதலில் இஎஃப்3 கொடுத்தார்கள். தடத்தில் வீடுகள் குறைவு, ஆனால் ஒரு சரக்கு ரயில் இருந்தது. தானியம் நிரம்பிய வேகன்கள் கவிழ்ந்திருந்தன. காலி டேங்கர் வேகன் ஒன்று ஏறக்குறைய 145 மீட்டர் தள்ளி விழுந்திருந்தது. ரயில் வேகன் அந்த 28 பொருள்களில் இல்லை. ஆனால் வேகனின் எடை அதன் பக்கவாட்டிலேயே எழுதியிருக்கும். உயரமும் நீளமும் தெரியும். எந்த வேகத்தில் கவிழும், எந்த வேகத்தில் மேலெழும் என்று கணக்கிடலாம். கனடாவில் டொர்னேடோக்களை ஆராயும் பல்கலைக்கழகக் குழுவோடு சேர்ந்து அந்தக் கணக்கைப் போட்டார்கள். அக்டோபரில் தரம் இஎஃப்5 ஆனது. வேகம் மணிக்கு 338 கிலோமீட்டருக்கு மேல்.

பட்டியலில் இல்லாத ஒன்றையும் வாசிக்கலாம் என்பதற்கு இது முன்னுதாரணம். ஐரோப்பியக் கடும்புயல் ஆய்வகத்தார் உருவாக்கியிருக்கும் பன்னாட்டு ஃபுஜிட்டா அளவுகோல் இன்னும் ஓரடி போகிறது. கட்டடங்களை அவற்றின் உறுதியை வைத்து வகுப்புகளாகப் பிரிக்கிறது. எந்த நாட்டு வீடாக இருந்தாலும், எளிய குடிலாக இருந்தாலும், அதற்குரிய வகுப்பில் வைத்துப் பார்க்கலாம். வாகனங்களுக்கும் அதில் இடமுண்டு, ரேடார் அளவீட்டுக்கும் இடமுண்டு. மாணிக்கஞ்சிலும் வாசிக்கப் பொருள்கள் இருந்திருக்கும்: வேரோடு விழுந்த மாமரம், வளைந்த அடிபம்பு, எத்தனையோ வயல் தாண்டிக் கிடந்த தகரம். 1989இல் பத்து வயதாக இருந்தவர்கள் இன்று ஐம்பதைத் தொடவில்லை. எந்த மரம் எந்தப் பக்கம் சாய்ந்தது, யார் வீட்டுத் தகரம் யார் வயலில் விழுந்தது என்று அவர்களில் சிலருக்காவது நினைவிருக்கும். ஃபார்கோவில் தெருத்தெருவாகப் போனதுபோல் அங்கேயும் யாராவது ஒரு வரைபடத்தோடு போய்க் கேட்கலாம்.